கடல் செரிப்பதும் சேர்ப்பதும்

1969-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16-ஆம் தேதி, அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணக் கரையை ஒட்டிய பஸார்ட்ஸ் விரிகுடாவில், இழுவைப் படகின் பின்னே கட்டுண்டு சென்ற ‘ஃபிளாரிடா’ என்னும் எண்ணெய்த் தோணி பாறைத் திட்டில் தட்டி உடைந்து, டீசலை ஒத்த எரியெண்ணெயில் ஏறக்குறைய ஏழு லட்சம் லிட்டரைக் கடலில் சிந்தியது. எண்ணெய்க் கப்பல் விபத்துக்களின் வரிசையில் இதைப் பெரிய விபத்தென்று சொல்வதற்கில்லை. ஆயினும், அந்த எண்ணெய் சென்று ஒதுங்கிய வெஸ்ட் ஃபால்மத் என்ற சிற்றூரின் உப்புச் சதுப்பு, கடலில் விழும் கழிவுப் பதார்த்தங்கள் முடிவில் என்னவாகின்றன என்று விசாரிப்போர் இன்றளவும் ஆதாரமாகக் காட்டும் இடமாக ஆகிவிட்டது. வுட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையம் அங்கிருந்து சில மைல் தூரத்திலேயே இருந்ததும், கடலடி ஜீவராசிகளை ஆராய்ந்து வந்த ஹோவர்ட் ஸாண்டர்ஸும், பூமியின் ரசாயனத்தில் வல்லவரான மாக்ஸ் புளூமரும் உடனே தம் கருவிகளுடன் அங்கே சென்றதுமே அதற்குக் காரணம்.

எண்ணெய் என்பது ஒரே வஸ்து அன்று. கார்பனும் ஹைட்ரஜனும் ஆயிரம் விதமாகக் கூடி அமைந்த பல பதார்த்தங்களின் கலவை அது. அந்தக் கலவையைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு குரோமடோகிராஃபி என்ற முறையைப் புளூமர் கையாண்டார். மாதிரியை ஆவியாக்கி, நீண்டு மெலிந்த குழாய் ஒன்றின் வழியே செலுத்தினால், ஒவ்வொரு பதார்த்தமும் தனக்குரிய நேரத்தில் வெளியே வந்து, ஓடிக்கொண்டிருக்கும் காகிதத்தில் கூரிய முனை ஒன்றை வரைந்துவிட்டுச் செல்லும். புதிய எரியெண்ணெயின் படத்தில், கார்பன் அணுக்கள் நேர்ச்சங்கிலியாகக் கோக்கப்பட்ட பதார்த்தங்கள் சம இடைவெளியில் நிமிர்ந்து நிற்கும். மாதங்கள் செல்லச் செல்ல அந்த முனைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து மறைய, கிளை பிரிந்தவையும் வளையமாக மூடியவையுமான எண்ணற்ற பதார்த்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழுப்பும் ஒரு மேடு மட்டும் காகிதத்தில் எஞ்சும். எது போயிற்று, எது தங்கிற்று என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சாட்சி அதற்கு முன் கிடைத்திருக்கவில்லை.

எண்ணெயின் தீங்கு சில வாரங்களில் தீர்ந்துபோகும் என்று பலரும் கருதியிருந்த அந்தக் காலத்தில், அது தங்கும் என்று புளூமர் சொன்னதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழிந்த பின், அதே நிலையத்தைச் சேர்ந்த கிறிஸ்டஃபர் ரெட்டி என்பவரும் அவருடைய சகாக்களும், 2000-ஆம் ஆண்டில் அந்தச் சதுப்பில் குழாயை இறக்கிச் சேற்றை எடுத்துப் பரிசோதித்தபோது, மேற்பரப்பு சுத்தமாக இருக்க, ஆறு சென்டிமீட்டருக்குக் கீழே 28 சென்டிமீட்டர் வரையில் அதே எண்ணெய் இருப்பதைக் கண்டார்கள். நேர்ச்சங்கிலிகள் மறைந்திருந்தன, அந்த மேடு மட்டும் அப்படியே இருந்தது. இது வெறும் ரசாயனச் செய்தியாக நின்றுவிடவில்லை. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும் சிறு நண்டுகள் அந்தச் சேற்றில் வளை தோண்டி வசிக்கின்றன. பின்னர் ஆராய்ந்தவர்கள் அந்த வளைகளில் வார்ப்பு எடுத்துப் பார்த்தபோது, மற்ற இடங்களில் நேர் கீழே இறங்கும் வளைகள், எண்ணெய் படிந்த இடங்களில் ஆழம் குறைந்தும், பக்கவாட்டில் திரும்பியும் இருந்தன.

ஒரே எண்ணெயில் ஒரு பகுதி சில மாதங்களில் மறைந்து, மறுபகுதி முப்பது ஆண்டுகள் தங்கியதற்கு என்ன காரணம்? எண்ணெய் நீரில் பட்ட முதல் நாட்களில், இலேசான பகுதி ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. சிறு பகுதி நீரில் கரைகிறது. சூரிய கிரணங்கள் மேற்பரப்பில் உள்ளதைப் பிராணவாயுவோடு சேரச் செய்து அதன் தன்மையை மாற்றுகின்றன. அலைகளின் அடியில் எண்ணெயும் நீரும் குழம்பிக் கெட்டியான கூழாகின்றன. எல்லாம் முடிந்து எஞ்சிய கனமான மிச்சமே, ஆண்டுதோறும் மழைக்காலத்தில் கோவாவின் கடற்கரைகளில் ஒதுங்கி, நடப்பவர்களின் காலில் ஒட்டிக்கொள்ளும் தார் உருண்டை. ஆனால், இவையெல்லாம் பதார்த்தத்தை இடம் மாற்றுவனவும் உருமாற்றுவனவுமே அன்றி முழுவதும் அழிப்பன அல்ல. அழிக்கும் வேலையைச் செய்வன நுண்ணுயிர்கள்.

பூமியின் வெடிப்புகள் வழியே கச்சா எண்ணெய் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடலடியில் கசிந்துகொண்டிருப்பதால், அதை ஆகாரமாகக் கொள்ளும் பாக்டீரியாக்களும் தோன்றியிருக்கின்றன. வடகடலில் பிடிக்கப்பட்டு, 1998-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகளால் பெயரிடப்பட்ட ‘அல்கனிவோராக்ஸ் போர்குமென்ஸிஸ்’ என்பது அவற்றுள் புகழ் பெற்றது. சுத்தமான கடலில் இது இருக்கும் இடமே தெரியாது. எண்ணெய் சிந்தினாலோ சில நாட்களில் பல்கிப் பெருகுகிறது. நேர்ச்சங்கிலியின் நுனியில் உள்ள கார்பனில் பிராணவாயு அணு ஒன்றை ஏற்றுவது இதன் என்ஸைம்களின் முதல் வேலை. அந்த ஓரணு ஏறிய மாத்திரத்தில் எண்ணெய் சாராயமாகவும், சாராயம் கொழுப்பு அமிலமாகவும் மாறிவிட, அதன்பின் சங்கிலி இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்பட்டு, கரியமில வாயுவாகவும் நீராகவும் முடிந்துபோகிறது. நுனி நேராக இருந்தால் இந்த வேலை சுலபம். கிளைகள் குறுக்கிட்டால் தாமதம். வளையமாக மூடியிருந்தால், அதைத் திறப்பதற்கு வேறு விதமான என்ஸைம்கள் வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த முதல் அடிக்கு வேண்டிய பிராணவாயு. கரையோரச் சேற்றில் பிராணவாயு மேலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்துக்குமேல் இறங்குவதில்லை. அதற்குள்ளாகவே அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தீர்த்துவிடுகின்றன. அதற்குக் கீழே, கடல் நீரிலுள்ள ஸல்ஃபேட் உப்பைப் பிராணவாயுவுக்குப் பதிலாகக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் எண்ணெயை மிக மெதுவாகச் செரிக்கின்றன. வெஸ்ட் ஃபால்மத்தின் எண்ணெய் அழியாததாக இருந்ததனால் தங்கவில்லை. அழிப்பவற்றுக்கு மூச்சு இல்லாத இடத்தில் புதைந்ததனால் தங்கியது.

இரண்டு பெரிய விபத்துக்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1989-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி அலாஸ்காவில் ‘எக்ஸான் வால்டீஸ்’ என்ற கப்பல் பாறையில் ஏறி, நான்கு கோடி லிட்டருக்கும் அதிகமான கச்சா எண்ணெயைக் கொட்டியது. எண்ணெயில் கார்பன் ஏராளம். ஆனால், பாக்டீரியா பெருகுவதற்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதில் மிகச் சொற்பம். ஆதலால் கரைகளில் உரம் தெளித்தார்கள். எண்ணெய் அழியும் வேகமும் கூடியது. ஆயினும் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே கற்களைப் புரட்டித் தோண்டினால் எண்ணெய் கசிந்தது. அந்தக் கரைகள் பருக்கைக் கல் நிறைந்த மேலடுக்கும், நீர் எளிதில் ஊடுருவாத கீழடுக்குமாக அமைந்திருப்பதையும், கீழடுக்கில் இறங்கிவிட்ட எண்ணெயைப் பிராணவாயுவும் உரச்சத்தும் எட்டவில்லை என்பதையும் பின்னர் ஆராய்ந்தவர்கள் விளக்கினார்கள். 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்ஸிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைஸன்’ என்ற துளைமேடை வெடித்து, அது தோண்டிய கிணறு 87 நாட்கள் எண்ணெயைக் கக்கியபோதோ, சுமார் 1,100 மீட்டர் ஆழத்தில் மிதந்து பரவிய நுண்துளிகளை, உஷ்ணம் ஐந்து டிகிரி அளவே இருந்த அந்தக் குளிரிலும், பாக்டீரியாக்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தின்று பெருகின. கடலடிக் கசிவுகள் மலிந்த அந்த வளைகுடாவில் எண்ணெய் உண்ணும் உயிர்கள் முன்பே குடியிருந்தன, துளிகள் சிறியவை, சுற்றிலும் பிராணவாயு இருந்தது. அதே எண்ணெயில் இறந்த நுண்ணுயிர்த் துகள்களோடு ஒட்டிக் கடலடிக்கு இறங்கிய பகுதியும், கரைச் சதுப்புகளில் புகுந்த பகுதியும் இந்த நற்கதியை அடையவில்லை.

எண்ணெயாவது பூமிக்குப் பழக்கமான பொருள். கார்பன் எலும்புக்கூட்டில் குளோரின் அணுக்களைச் சரமாகப் பூட்டி மனிதன் இயற்றிய பதார்த்தங்களின் சரித்திரம் வேறு. குளோரின் அணுக்கள் மூலக்கூற்றைச் சுற்றிக் காவல் நிற்கும் இடத்தில், பிராணவாயுவை ஏற்றும் என்ஸைமுக்கு இடம் கிடைப்பதில்லை. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-ஆம் ஆண்டில் கண்டறிந்து, அதற்காக 1948-இல் நோபல் பரிசு பெற்றார் ஸ்விட்சர்லாந்தின் பால் முல்லர். அது பல காலம் சிதையாமல் நின்று வேலை செய்தமையே அப்போது அதன் பெருமையாகப் பேசப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே டாரன்ஸ் நகரில் 1947 முதல் டி.டி.டி. தயாரித்த மாண்ட்ரோஸ் ரசாயன நிறுவனத்தின் கழிவு, நகரத்துச் சாக்கடையின் வழியே பாலோஸ் வெர்டீஸ் கடற்பரப்பை அடைந்தது. அங்கிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பழுப்புக் கூழைக்கடாவுக்கும் ஏறிய விஷம், முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு சேராமல் தடுத்தது. தாய்ப்பறவை அடைகாக்க அமர்ந்ததும் அதன் பாரத்திலேயே முட்டைகள் நொறுங்கின. 1970-ஆம் ஆண்டில் அந்தக் கரையை அடுத்த அனகாபா தீவில் இப்பறவைகள் கட்டிய 552 கூடுகளில் பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு.

அந்தப் பறவையின் உடம்பில் இருந்தது பெரும்பாலும் டி.டி.டி. அன்று, டி.டி.இ. என்பதைச் சிந்திக்க வேண்டும். டி.டி.டி. என்னும் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் இழக்கும்போது டி.டி.இ. ஆகிறது. டி.டி.டி. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மட்டும் அளப்பவனுடைய கணக்கில் அது சிதைந்துவிட்டது; ஆனால், ஓட்டை மெலியச் செய்வதில் முன்னதைவிட வலியதும், அழிவதற்கு முன்னதைவிட அதிகக் காலம் எடுப்பதும் பின்னதே. சிதைவு என்றதும் நாசம் என்று பொருள் கொள்வது இத்துறையில் பெரும் பிழைக்கு இடம் கொடுக்கும்.

பி.சி.பி. எனப்படும் பதார்த்தங்கள் கண்டுபிடிக்கப்பட்ட விதமும் இங்கே சொல்லத் தக்கது. 1929 முதல் அமெரிக்காவில் தொழில்முறையில் தயாரிக்கப்பட்டு, தீப்பற்றாமலும் கெடாமலும் இருப்பதனால் டிரான்ஸ்ஃபார்மர்களில் ஊற்றப்பட்டு வந்த இவை, குளோரின் அணுக்களின் எண்ணிக்கையாலும் இடத்தாலும் 209 வகைப்படும். ஸ்வீடன் தேசத்து ரசாயனியான ஸோரன் ஜென்ஸன், பால்டிக் கடல் மீன்களிலும் கழுகுகளிலும் டி.டி.டி.யைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவருடைய குரோமடோகிராம் காகிதத்தில் பெயர் தெரியாத முனைகள் மீண்டும் மீண்டும் தோன்றின. பூச்சிமருந்தாக இருக்கலாமோ என்று ஐயுற்று, மியூஸியத்தில் சேமித்து வைத்திருந்த பழைய கழுகு இறகுகளைப் பரிசோதித்தார். டி.டி.டி. அந்நாட்டில் புழங்கத் தொடங்குவதற்கு முந்திய 1944-ஆம் ஆண்டின் இறகிலும் அதே முனைகள் இருந்தன. ஆகவே, அது வேறு என்று தெளிந்து தொடர்ந்து தேடி, 1966-ஆம் ஆண்டில் பி.சி.பி. என்று அறிவித்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆலைகளில் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வஸ்து கடலில் திரிவதை உலகம் அன்றுதான் அறிந்தது.

இத்தகைய பதார்த்தங்களைச் சிதைக்க இயற்கையில் வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வியப்பு என்னவெனில், எண்ணெயைக் காப்பாற்றி வைக்கும் அதே மூச்சற்ற சேறு, குளோரின் பதார்த்தங்களுக்குச் சத்துருவாகிறது. பிராணவாயு இல்லாத இடத்தில், ‘டிஹாலோகாக்காய்டிஸ்’ முதலான சில பாக்டீரியாக்கள், நாம் பிராணவாயுவைக் கொண்டு சுவாசிப்பதற்கு ஈடாக, குளோரின் பதார்த்தத்தையே கொண்டு சுவாசிக்கின்றன. ஒவ்வொரு சுவாசத்திலும் ஒரு குளோரின் அணு கழன்று விழுகிறது. பாலோஸ் வெர்டீஸ் வண்டலில் டி.டி.இ.யும் இவ்வாறு குளோரினை இழப்பது 1990-களில் நிரூபிக்கப்பட்டது. ஆனால், இது பாதி வேலைதான். காவல் குறைந்த எஞ்சிய வளையத்தை உடைப்பதற்குப் பிராணவாயு உள்ள இடத்து உயிர்கள் வேண்டும். முதல் வேலை இருட்டுச் சேற்றிலும், இரண்டாவது வேலை காற்றோட்டமுள்ள மேலடுக்கிலும் நடக்க வேண்டியிருப்பதால், ஒரே இடத்தில் கிடக்கும் பதார்த்தத்துக்கு இரண்டும் சேர்ந்து வாய்ப்பது அரிது. அமெரிக்காவில் டி.டி.டி. 1972-இல் தடை செய்யப்பட்டு அரை நூற்றாண்டு கடந்தும், அந்த வண்டலில் டன் கணக்கில் மிச்சம் கிடப்பது இதனால்தான்.

இடம் என்பது சேற்றை மட்டும் குறிப்பதன்று, சீதோஷ்ணத்தையும் குறிப்பது. நம் நாட்டு வயல்களில் ‘பி.எச்.சி. பவுடர்’ என்று தூவப்பட்ட பூச்சிமருந்து என்னவாயிற்று என்பதை, 1980-களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் நிலையத்தாரும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்சுகே தனபே முதலியோரும் கூடி ஆராய்ந்தார்கள். வெள்ளாற்றுப் பாசனத்து நெல் வயல்களில் இட்ட மருந்து, முகத்துவாரத்தின் நீரிலும் மண்ணிலும் எவ்வளவு, காற்றில் எவ்வளவு என்று அளந்து கணக்கிட்டதில், நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் ஆவியாகிக் காற்றோடு போய்விடுவதும், ஆற்றின் வழியே கடலை அடைவது ஒரு பங்கைவிடக் குறைவு என்பதும் தெரியவந்தன. வெள்ளாற்று நீரை மட்டும் பரிசோதித்தவர், வெப்ப நாட்டின் வெயில் விஷத்தை நீக்கிவிட்டது என்று மகிழ்ந்திருப்பார். நம் வெயில் அதை நீக்கவில்லை, கிளப்பிவிட்டது. காற்றில் ஏறிய பூச்சிமருந்து குளிர்ந்த பிரதேசங்களில் மறுபடி இறங்கி, வயலே இல்லாத ஆர்க்டிக் சமுத்திரத்தின் நீரில், உபயோகித்த நாடுகளை அடுத்த வெப்பக் கடல்களைவிட அதிகச் செறிவோடு சேர்ந்திருந்தது. வெப்ப நீரில் விரைந்து சிதையக்கூடிய அதே வஸ்து, அந்தக் குளிரில் பன்மடங்கு காலம் தங்குகிறது. இந்தியாவில் இம்மருந்து 1997-இல் தடை செய்யப்பட்டது.

நீரையும் சேற்றையும் காற்றையும் விட இவை விரும்பிச் சேரும் இடம் ஒன்று உண்டு. அது உயிர்களின் கொழுப்பு. தாளித்த மிளகாய் வற்றலின் நிறம் ரசத்தில் நில்லாமல் மேலே மிதக்கும் நெய்யில் போய்ச் சேர்வதுபோல, நீரை வெறுக்கும் இப்பதார்த்தங்கள் கொழுப்பைக் கண்ட இடத்தில் குடியேறுகின்றன. நுண்ணுயிரிலிருந்து மீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், அதிலிருந்து ஸீலுக்கும் திமிங்கிலத்துக்கும் ஒவ்வொரு படியிலும் செறிவு பெருகுகிறது. 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் ‘லூலு’ என்று பெயரிடப்பட்டிருந்த பெண் ஓர்க்கா இறந்து ஒதுங்கியது. அதன் கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் பி.சி.பி. இருந்தது. கன்று ஈனும் பருவம் கடந்திருந்தும், அது ஒரு முறையும் கருத்தரித்ததற்கான அடையாளம் சூலகத்தில் இல்லை. ஈன்றிருந்தால், தாய்ப்பாலின் கொழுப்போடு விஷத்தின் பெரும் பங்கு தலைக் கன்றுக்கு இறங்கியிருக்கும். அந்த வகைத் தாய்கள் இப்படித்தான் தம் பாரத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

உடல்கள் மடிந்த பின்னும் அவற்றின் சுமை மறைவதில்லை. மலத்தோடும் பிணத்தோடும் துகள்களோடும் அது அடியை நோக்கி இறங்குகிறது. பசிபிக் சமுத்திரத்தின் மரியானா, கெர்மடெக் பள்ளங்களிலிருந்து பொறி வைத்துப் பிடித்த இறால் போன்ற சிறு உயிர்களின் உடம்பில், பி.சி.பி. ஏராளமாக இருப்பதை ஆலன் ஜேமீஸன் குழுவினர் 2017-இல் அறிவித்தார்கள். அவற்றுள் சில பத்தாயிரம் மீட்டருக்கும் கீழே வசிப்பவை. சூரிய கிரணம் எட்டாத, உறைநிலையை ஒட்டிய குளிருள்ள அந்தப் பள்ளத்தில், சிதைப்பதற்கு வேண்டிய வெளிச்சமோ உஷ்ணமோ இல்லை.

2001-இல் கையெழுத்தாகி 2004-இல் அமலுக்கு வந்ததும், 2006-இல் இந்தியா ஏற்றுக்கொண்டதுமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, நிலைத்து நிற்கும் விஷப் பொருள்களை இனம் காண்பதற்கு ஓர் அளவுகோலை விதித்திருக்கிறது. ஒரு பதார்த்தத்தின் அளவு பாதியாகக் குறைவதற்கு நீரில் இரண்டு மாதத்துக்கும், வண்டலில் ஆறு மாதத்துக்கும் மேல் ஆகுமாயின், அது நிலைத்து நிற்பதென்று கருதப்படும். சட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது உண்மையே. எண்ணெயின் நேர்ச்சங்கிலி இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும் என்பதும் உண்மையே. ஆனால், பரிசோதனைச்சாலையின் கண்ணாடிக் குடுவையில் வெதுவெதுப்பான நீரில் காற்றும் சத்தும் கொடுத்து அளந்த அரைவாழ்வு, சதுப்பின் பதினைந்தாவது சென்டிமீட்டரிலும் ஆர்க்டிக்கின் பனிநீரிலும் செல்லாது. ஓரிடத்தில் மாதம், ஓரிடத்தில் ஆண்டு, ஓரிடத்தில் நூற்றாண்டு என்று அது விரியும்.

ஆதலால், புதிய ரசாயனம் ஒன்றைக் கடலுக்குப் போகும் வழியில் விடுவதற்குமுன், ‘இது எவ்வளவு காலம் நிலைக்கும்?’ என்று கேட்பது மட்டும் போதாது. ‘இது எங்கே போய்ச் சேரும், சேரும் இடத்தில் இதைத் தின்ன வல்லவர் யார், தின்றபின் மிஞ்சுவது என்ன?’ என்ற மூன்றும் அதனோடு கேட்கப்பட வேண்டும். வெஸ்ட் ஃபால்மத்துக்கும் பாலோஸ் வெர்டீஸுக்கும் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கிடைத்த விடைகள் வேறு வேறாக இருந்தாலும், அவை ஒன்றில் உடன்படுகின்றன: சிந்தியதை வாரி எடுப்பதற்குக் கோடிக்கணக்கில் செலவிட்டும் மீளாதது, சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் மிகச் சொற்பமான செலவில் காக்கப்பட்டிருக்கும். நுண்ணுயிர்களிடம் நாம் எதிர்பார்க்கும் உதவிக்கு எல்லை உண்டு. அந்த எல்லை எங்கே என்பதை ஆலையில் உற்பத்தி தொடங்குவதற்கு முன்பே அறிந்துகொள்ளும் வித்தை இன்று நம்மிடம் இருக்கிறது.